மூலிகை மருந்து சாப்பிடும்போது மார்பில் மாற்றம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

மாதவிலக்கு தள்ளிப் போகிறது, வெள்ளைப்படுகிறது, முடி கொட்டுகிறது, நாற்பத்தைந்து தாண்டியதும் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. இதில் எதற்கும் மருந்து தேடிக் குமரி மாவட்டத்தில் தூரம் போக வேண்டியதில்லை. கோட்டாறு கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை உண்டு. கேரள வைத்தியசாலைகளின் அரிஷ்டமும் லேகியமும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கிடைக்கும். ஊர் ஆசான் கஷாயத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பார். போதாததற்கு ‘ஹார்மோன் பேலன்ஸ்’ என்ற பெயரில் கேப்சூல்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. இவற்றில் ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் மார்பு கனக்கிறது, வலிக்கிறது, பால் போலக் கசிகிறது, அல்லது விரலில் ஏதோ தட்டுப்படுகிறது என்றால் அடுத்து செய்ய வேண்டியவை இவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இரண்டு மார்பிலும் வலி, கனம், பூரிப்பு என்றால் மருந்தை நிறுத்திவிட்டு அடுத்த மாதவிலக்கு வரை பார்க்கலாம். தனியாகத் தெரியும் கட்டி, ரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல் என்றால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். ‘அந்த மருந்து சூடு, அதனால்தான் கட்டியிருக்கு, நிறுத்தினால் கரைஞ்சிரும்’ என்று பழியை மருந்தின் மேல் போட்டு மூன்று மாதத்தைக் கழிப்பதுதான் இதில் நேரும் பெரிய கேடு.

சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள்

‘நான் மருந்து ஒண்ணும் சாப்பிடல்ல’ என்று சொல்லும் பெண்களின் வீட்டில் தேடினால் நாலைந்து டப்பா கிடைக்கும். மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்காத பழக்கம் அப்படி. சூரணம், அரிஷ்டம், லேகியம், கஷாயக் குறிப்பு, முடிக்கான பயோட்டின், சத்து மாவு, எடை கூட்டவோ குறைக்கவோ வாங்கிய பொடி, கர்ப்பத்தடை மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கர்ப்பத்தடை ஊசி, தைராய்டு மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை என எல்லாவற்றையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: பெயர், ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் தொடங்கியது, எதற்காக. தேதி நினைவில் இல்லாவிட்டால் ‘ஆடி அமாவாசைக்குப் பிறகு’ என்று எழுதினாலும் போதும், தேதியைப் பின்னால் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் விட்டுப் போவது வாயுவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் வாங்கும் மாத்திரை. பான்டோபிரசோல், ரபிபிரசோல் மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். இந்த இரண்டுமே புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனை உயர்த்தும். மாதக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று, மார்பில் பால் கசிந்தால், குற்றம் சதாவரி (தண்ணீர்விட்டான் கிழங்கு) மேல் விழுகிறது. அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தை ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மன நோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்குளோபிரமைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று, ஒரே பொருள் பல வேடத்தில் உள்ளே போவது. தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம், சதாவரி லேகியம், ‘பெண்கள் நலம்’ கேப்சூல் மூன்றிலும் இருப்பது ஒரே கிழங்கு. கேப்சூலில் ‘சாறு 500 மி.கி., 10:1’ என்றிருந்தால் அது ஏறக்குறைய 5 கிராம் கிழங்குக்குச் சமம். சூரணத்தின் வழக்கமான நாள் அளவே 3 முதல் 6 கிராம்தான். மூன்றையும் சேர்த்தால் அளவு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எந்த மூலிகை உடம்பில் என்ன செய்கிறது

‘ஹார்மோன் பேலன்ஸ்’ என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், புரோலாக்டின், தைராய்டு எல்லாம் தனித்தனி. எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சமன் செய்யும் கேப்சூல் இருக்க முடியாது. ஆனால் மூலிகைகளுக்கு வேலையே இல்லை என்பதும் தவறு.

சோயா, ஆளி விதை, ரெட் குளோவர் போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே செல்களில் ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் உண்டு. அவற்றின் வேகம் உடம்பின் சொந்த ஈஸ்ட்ரோஜனைவிட மிகக் குறைவு. சமையலில் சோயா சேர்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். அதே பொருளைப் பிரித்தெடுத்து அடர்த்தியாக்கிய கேப்சூல் வேறு கணக்கு, குறிப்பாக மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு. பெருஞ்சீரகத்துக்கும் லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. குழந்தைகளுக்கு நாள்தோறும் பெருஞ்சீரகத் தண்ணீர் கொடுத்ததில் சின்னப் பெண் பிள்ளைகளுக்கு மார்பு முளைத்து, நிறுத்திய பின் சில மாதங்களில் அடங்கியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. வயிற்று உப்புசத்துக்கு எப்போதாவது கொடுப்பது வேறு, தினமும் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது வேறு.

தண்ணீர்விட்டான் கிழங்கும் உலுவாவும் (வெந்தயம்) பால் சுரக்கவென்று காலங்காலமாகக் கொடுப்பவை. பிள்ளை பெறாதவர், பால் கொடுக்காதவர் மாதக்கணக்கில் எடுக்கும்போது மார்பு கனக்கிறது என்றால் முதலில் இவற்றை நிறுத்திப் பார்ப்பது நியாயம். உலுவா சர்க்கரையைக் குறைக்கும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு மோதும். அதிமதுரத்தைத் தினமும் வாரக்கணக்கில் எடுத்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கால் வீங்கி, உடம்பே ஊதி, மார்பும் இறுகுவது போலத் தோன்றலாம். அமுக்கராவுக்குத் தைராய்டு ஹார்மோனை உயர்த்தும் தன்மை உண்டு, அபூர்வமாகக் கல்லீரலையும் கெடுக்கும். தைராக்ஸின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

அசோகாரிஷ்டம், குமாரியாசவம் போன்றவை நொதிக்க வைத்து எடுப்பவை. அவற்றில் தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், வெல்லமும் நிறையச் சேரும். லேபிளில் பெரும்பாலும் 15 முதல் 30 மி.லி., சம அளவு தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பின் என்றிருக்கும். மூடியில் அளக்காமல் டம்ளரில் சாய்ப்பதால் அளவு இரண்டு மடங்காகிறது. சர்க்கரை நோய், கல்லீரல் நோய், கர்ப்பம் இருந்தால் அரிஷ்டத்தைத் தவிர்த்து வேறு வடிவம் கேளுங்கள்.

எடை கூட்டும் பொடி, மாத்திரை சிலவற்றில் ‘ஆயுர்வேதம்’ என்று எழுதிவிட்டு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் மோசடி நடக்கிறது. பத்தே நாளில் பசி பெருகி, முகம் உருண்டு, மார்பும் பருத்தால் அது மூலிகையின் வேலை அல்ல என்று சந்தேகப்படுங்கள். இதை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் தளர்ந்து விழும். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

மார்பைத் தடவிப் பார்க்கும் முறை

மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று வைத்தால் 7 முதல் 10-ஆம் நாளுக்குள் பாருங்கள். அப்போதுதான் மார்பு மிருதுவாக இருக்கும். மாதவிலக்குக்கு முந்திய வாரத்தில் பார்த்தால் சாதாரணப் பால் சுரப்பித் திசுவே பட்டாணி பட்டாணியாகத் தட்டுப்பட்டு வீண் பயத்தைக் கொடுக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் பார்க்கலாம்.

முதலில் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் தூக்கியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும் பாருங்கள். கையைத் தூக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் தோல் குழிகிறதா, ஒரு காம்பு மட்டும் புதிதாக உள்ளே போயிருக்கிறதா, தோல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறந்ததிலிருந்தே உள்வாங்கிய காம்பு வேறு. இரண்டு மார்பும் சற்றே அளவு வேறுபடுவதும் சாதாரணம்தான்.

பிறகு படுத்து, வலது மார்பைப் பார்க்க வலது தோளுக்கடியில் சிறு தலையணை வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வையுங்கள். இடது கையின் நடு மூன்று விரல்களின் நுனியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சதைப் பகுதியால் தடவுங்கள். அக்குளில் தொடங்கி மேலும் கீழுமாக, வயலில் உழுதுகொண்டே போவது போல, நெஞ்செலும்பு வரை வரிசை வரிசையாக வாருங்கள். மேலே காரை எலும்பு, கீழே பிராவின் கோடு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம்: தோலுக்கு, சதைக்கு, விலா எலும்பு தெரியும் வரை. விரலைத் தூக்காதீர்கள், கொஞ்சம் சோப்பு நுரையோ எண்ணெயோ இருந்தால் நன்றாக வழுக்கும். கிள்ளிப் பார்த்தால் எந்த மார்பும் கட்டியாகத்தான் தெரியும். மார்பின் வெளி மேற்பகுதியும் அக்குளும் தவறவிடக் கூடாத இடங்கள்.

காத்திருக்கக் கூடியவை, கூடாதவை

இரண்டு பக்கமும் மாதவிலக்குக்கு முன் ஏறி, வந்ததும் இறங்கும் வலி, மருந்து தொடங்கிய பின் கூடியது என்றால் ஒரு சுற்று பொறுத்துப் பார்க்கலாம். நாட்காட்டியில் வலித்த நாளில் ஒரு புள்ளி, மிகவும் வலித்த நாளில் இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டு மாத நாட்காட்டியைப் பார்த்தாலே வலி மாதவிலக்கோடு நடக்கிறதா, மருந்தோடு நடக்கிறதா என்று தெரிந்துவிடும். சரியான அளவு பிரா, தேவைப்பட்டால் பாரசிட்டமால் 500 மி.கி., வலிக்கும் இடத்தில் டைக்குளோஃபெனாக் ஜெல் ஆகியவை போதும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்சூலைப் பலரும் மாதக்கணக்கில் எடுக்கிறார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளில் அது பெரிய பலன் காட்டவில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

மாதவிலக்கும் தள்ளிப் போய் மார்பும் வலித்தால் அடுத்த வேளைக் கஷாயத்துக்கு முன் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு போடுங்கள். மாதவிலக்கு வரவழைக்கக் கொடுக்கும் கஷாயங்கள் கருவுக்குக் கேடு செய்யலாம்.

கசிவைப் பொறுத்தவரை, இரண்டு காம்பிலும் பல துளைகளில் பிதுக்கினால் வெள்ளையாக வருவது ஹார்மோன் அல்லது மருந்துப் பக்கம். ஒரே மார்பில், ஒரே துளையில், தானாகவே, ரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்தால் உடனே போக வேண்டும். கசிகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்க்காதீர்கள், பிதுக்குவதே சுரப்பைத் தூண்டும்.

பக்கத்தைவிடக் கெட்டியாக, தனியாகத் தெரியும் கட்டி, அக்குள் கட்டி, காம்பில் ஆறாத புண் அல்லது சொறி, தோல் குழிதல், ஒரு மார்பு மட்டும் சிவந்து சூடாகி வீங்குதல் ஆகிய எதுவாக இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. வலி இல்லை என்பதால் ஆறுதல் கொள்ள வேண்டாம், புற்றுக் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு வரும் எந்தப் புதிய கட்டியும் இந்த வகைதான். பால் கொடுக்கும் தாய்க்குச் சிவந்து காய்ச்சலோடு வரும் வீக்கம் பெரும்பாலும் பால் கட்டிய சீழ் நோய், பாலை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்து எடுத்தும் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ஸ்கேன் கேளுங்கள்.

நிறுத்துவது எப்படி, திரும்பத் தொடங்குவது எப்படி

ஸ்டீராய்டு கலந்ததாகச் சந்தேகப்படும் பொடி, மாத்திரை தவிர, மூலிகைகளையும் சத்து கேப்சூல்களையும் எல்லாம் ஒரே நாளில் நிறுத்துங்கள். ஒன்று மாற்றி ஒன்று நிறுத்தினால் எது காரணம் என்று தெரியவே தெரியாது. தைராக்ஸின், ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மன நோய் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. மார்புப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. கர்ப்பத்தடை மாத்திரை அட்டையை நடுவில் விட்டால் கர்ப்பம் தரிக்கலாம், வேறு வழி ஏற்பாடு செய்த பிறகே நிறுத்துங்கள்.

இரண்டு மாதவிலக்கு கடந்தும் மார்பு அமைதியாக இருந்தால், உண்மையில் தேவைப்படும் ஒரு மருந்தை மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கலாம். அடுத்ததற்கு இன்னும் இரண்டு சுற்று இடைவெளி. திரும்ப அதே வலி வந்தால் அந்த மருந்து உங்களுக்கு ஆகாது, அதை எழுதி வையுங்கள்.

மார்புப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குழம்பில் போடும் மஞ்சளும் நல்லமிளகும் பிரச்சினை இல்லை. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல் டமாக்ஸிஃபெனின் வேலை செய்யும் வடிவத்தை ரத்தத்தில் குறைக்கிறது. மனச்சோர்வுக்கென விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கேப்சூல், கர்ப்பத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன்

பால் கசிவோ மாதவிலக்குத் தடுமாற்றமோ இருந்தால் பெரும்பாலும் டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), புரோலாக்டின் இரண்டும் எழுதுவார்கள். தைராய்டு குறைந்தாலே புரோலாக்டின் ஏறும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். புரோலாக்டினுக்குத் தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். பஸ்ஸில் இடிபட்டு ஓடி வந்து உடனே கையை நீட்டாமல் கால் மணி நேரம் உட்காருங்கள், பதற்றமே அளவைக் கூட்டும். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்குப் புரோலாக்டின் ஒரு மி.லி.க்கு 25 நானோகிராம் வரை பொதுவாகச் சரி. அதைவிட நன்றாகக் கூடி, வேறு காரணம் தெரியாவிட்டால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தலைவலியோடு பக்கப் பார்வை மங்கினால் எண் எதுவானாலும் உடனே சொல்லுங்கள். டாம்பெரிடோன் போன்ற மாத்திரை காரணமாகத் தோன்றினால், மருத்துவர் சம்மதத்தோடு மூன்று நாள் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம்.

முடிக்கான பயோட்டின் 5 அல்லது 10 மி.கி. எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது ஹார்மோனை மாற்றாது, சோதனை இயந்திரத்தை ஏமாற்றும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அதிகம் என்றும், குறைந்தவருக்குச் சரி என்றும் ரிப்போர்ட் வந்துவிடும்.

எங்கே, யாரிடம்

மார்புக் கட்டிக்குப் பார்க்க வேண்டியவர் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். மகப்பேறு மருத்துவரிடம் போய், அவர் எழுதிக் கொடுத்து, திரும்ப வந்து என்று நாள் கழிவது வழக்கம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நேராக அறுவை சிகிச்சை ஓ.பி. சீட்டு கேளுங்கள். குழித்துறை, தக்கலைப் பக்கம் உள்ளவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, கடிதம் வாங்கியும் போகலாம். ஆண் மருத்துவராக இருந்தால் பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்பது உங்கள் உரிமை.

சோதனை மூன்று படி: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சதை எடுப்பது. நாற்பதுக்குக் கீழே பெரும்பாலும் முதலில் ஸ்கேன், அதற்கு மேல் மேமோகிராமும் சேரும். மேமோகிராம் அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட், சந்தனம் எதுவும் பூச வேண்டாம், படத்தில் புள்ளியாக விழும். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. அப்படிப் பரவுவதில்லை. ஊசிச் சோதனை செய்யாமலே கட்டியைக் கீறி எடுப்பதுதான் பின்னால் சிகிச்சையைச் சிக்கலாக்கும். அதுபோல என்னவென்று தெரியாத கட்டியின் மேல் பற்றுப் போடுவதும், எண்ணெய் தேய்த்து அழுத்தித் திருமுவதும் வேண்டாம். வர்மமும் சித்தமும் அறிந்த நல்ல ஆசான்கள் பலர் இந்த மாவட்டத்தில் உண்டு, அவர்களிடமும் ஊசிச் சோதனை ரிப்போர்ட்டோடு போங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது

ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி, ஒவ்வொரு சரக்கின் பெயரும் அளவும் லேபிளில் இருக்க வேண்டும். சத்துப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். ‘ரகசியக் கலவை’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். பாதரசம், பற்பம், செந்தூரம் சேர்ந்ததைத் தகுதி பெற்ற வைத்தியர் சொல்லாமல் வாங்கக் கூடாது. கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற வைத்தியர்களிடமே கேட்கலாம். மார்பைப் பெரிதாக்கும், மாதவிலக்கைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது. அப்படி விளம்பரம் செய்யும் பொருளின் தரத்தை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஏற்கெனவே வாங்கியதில் தொந்தரவு வந்திருந்தால் மீதியைக் கொட்டாமல் பாட்டில், லேபிள், பில் மூன்றையும் வையுங்கள். மருந்துப் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. தொகுதி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.